பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், எப்போதும் ஸ்லோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை மையம், மொத்த வியாபாரக் கடை, சின்னப் பள்ளிக்கூட அலுவலகம் என்று எங்கே போனாலும் மேஜைக்கு அடியில் ஏறக்குறைய ஒரே பெட்டிதான் இருக்கும். 2012 முதல் 2016-க்குள் வாங்கிய டெஸ்க்டாப், ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அதில் டேலி, எக்செல், க்ரோம் மூன்றும் நாள் முழுக்க ஓடும். அப்படிப்பட்ட சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாகத் திறந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்பதை அழுத்துங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் இருக்கும். சிஸ்டம் ஒழுங்காக ஓடும்போது இதைப் பார்த்துப் பயனில்லை. மாட்டிக்கொண்டு நிற்கும்போது பார்க்க வேண்டும்.

மெமரி 85 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100, சிபியு வெறும் 20 என்று இருந்தால் ரேம் போதவில்லை. மெமரி 50 சதவீதம்தான், ஆனால் டிஸ்க் 100 என்றால் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல். சிபியு மட்டும் 100-இல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்து உலுக்குகிறது. அந்தப் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் எந்தப் புரோகிராம் என்று மேலே வந்து நிற்கும்.

மூன்றுமே சும்மா இருந்தும் க்ரோமில் ஒரு பக்கம் திறக்கவில்லையா? வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி சாயங்காலம் ஜிஎஸ்டி போர்ட்டல் திணறுவதற்கு உங்கள் ரேம் பொறுப்பல்ல.

ரேம்தான் போதவில்லை என்றால், டிஸ்க் ஏன் 100 சதவீதம் காட்டுகிறது?

ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் உடனே கையை விரித்துவிடாது. அந்த நேரத்தில் தேவைப்படாத பகுதிகளை முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதுவும் போதாதபோது ஹார்டு டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துவிடும். நீங்கள் க்ரோமிலிருந்து டேலிக்கு மாறினால் டேலியின் பகுதியை டிஸ்க்கிலிருந்து எடுத்து வரும், க்ரோமின் பகுதியை அங்கே கொண்டுபோய் எழுதும். திரும்ப க்ரோமுக்கு வந்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

ரேமில் ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். ஹார்டு டிஸ்க்கின் ஊசி நகர்ந்து, தட்டு சுழன்று, அதே தகவல் வர 10 மில்லி நொடி ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம். சாதாரண ஹார்டு டிஸ்க்கால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் தகவலை நொடிக்கு 100 தடவை அளவுக்குத்தான் எடுக்க முடியும். பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிவதும், மவுஸ் நகர்ந்தாலும் ஒன்றும் திறக்காமல் இருப்பதும் அந்த நேரத்தில்தான். "ஹேங் ஆயிடுச்சு" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான். சிஸ்டம் நின்றுவிடவில்லை, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே டிஸ்க் 100 என்று பார்த்த உடனே ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். மெமரி பத்தியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

4 ஜிபி ரேம் போட்டிருக்கிறோம். 3.2 என்று காட்டுகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருக்கும். வீட்டு, அலுவலகப் பதிப்புகளில் 32-பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. அதிலும் ஒரு பங்கு மற்ற சாதனங்களுக்கான முகவரிகளில் போய்விடும். இன்னொன்று, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டங்களில் திரைக்காகக் கொஞ்சம் ரேமை ஒதுக்கி வைத்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் "ஹார்டுவேர் ரிசர்வ்டு" என்ற வரியில் அந்த அளவு இருக்கும்.

32-பிட் விண்டோஸில் கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போட்டால் காசு வீண். 64-பிட்டுக்கு மாறிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

காலையில் ஆன் செய்தால் கால் மணி நேரம் எதையும் தொட முடியவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் விண்டோஸ் அப்டேட் தேடும், ஆன்டிவைரஸ் தன் பங்குக்குக் கோப்புகளைத் துழாவும், பிரிண்டர் மென்பொருள், மீட்டிங் ஆப், கிளவுட் டிரைவ், பிடிஎஃப் ரீடரின் அப்டேட்டர் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க் முன்னால் வரிசையில் நிற்கும். டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப்" என்ற பக்கத்துக்குப் போய்த் தேவையில்லாததை வலது சொடுக்கி "டிசேபிள்" கொடுங்கள். இதனால் புரோகிராம் அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது திறக்கும், தானாக வந்து உட்காராது, அவ்வளவுதான்.

ஆன்டிவைரஸையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மென்பொருளையும் விட்டுவிடுங்கள். ஸ்கேனர் பட்டனை அழுத்தி ஸ்கேன் செய்யும் ஆபீஸாக இருந்தால் ஸ்கேனர் மென்பொருளும் இருக்கட்டும். மற்றவை பெரும்பாலும் போகலாம்.

ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இலவசச் சோதனைக்காலம் முடிந்துபோன ஆன்டிவைரஸ் ஒன்று மூலையில் உட்கார்ந்திருப்பதை நிறைய ஆபீஸ்களில் பார்க்கலாம். அதை நீக்கினால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

தினமும் ஷட் டவுன் செய்கிறோம். அப்புறம் எதற்கு ரீஸ்டார்ட்?

விண்டோஸ் 10-இல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிடும், ஆனால் விண்டோஸின் உள்கருவை மூடாமல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் "அப் டைம்" பாருங்கள். தினமும் அணைக்கும் சிஸ்டத்தில்கூட பல நாள் கணக்கு காட்டும். பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரேமைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், ஷட் டவுனில் அது தீராது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு தடவை கொடுத்தால் போதும்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுத்தால் வேகமாகுமா?

ஆகாது. திரையில் உள்ள ஐகான்களை மறுபடி வரையும், அவ்வளவுதான். நம் ஊரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் நாலு தடவை ரெஃப்ரெஷ் அடிக்காமல் வேலை தொடங்காதவர்கள் ஏராளம். கெடுதல் ஒன்றும் இல்லை.

ரேம் கிளீனர், பூஸ்டர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் ரேமைப் பிடுங்கிப் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு "1.2 ஜிபி மிச்சம்" என்று பச்சையாகக் காட்டும். அடுத்த நிமிடம் நீங்கள் டேலியைத் தொட்டால் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும். மெமரி பக்கத்தில் "கேஷ்டு" என்று காட்டும் பகுதியும் வீணாகிக் கிடப்பதல்ல. கேட்டால் உடனே கொடுத்துவிடும்.

"ப்ரீஃபெட்ச்" ஃபோல்டரை அழிப்பதும் இதே ரகம். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத் திறக்கும். "டெம்ப்" ஃபோல்டரை அழிக்கலாம். சி டிரைவில் இடம் கிடைக்கும், ரேமுக்கு அதனால் லாபமில்லை. ஆனாலும் சி டிரைவ் சிவப்புக் கோட்டில் இருந்தால் பேஜ் ஃபைல் விரிய இடமிருக்காது. பத்துப் பதினைந்து ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

வர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால்?

அது பேஜ் ஃபைலின் அளவு. கூட்டினால் "அவுட் ஆஃப் மெமரி" என்று புரோகிராம் மூடிக்கொள்வது நிற்கும், வேகம் வராது. யாராவது அதை நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் "சிஸ்டம் மேனேஜ்டு" என்று மாற்றிவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

க்ரோம் மட்டும் 2 ஜிபி சாப்பிடுகிறது. என்ன செய்வது?

க்ரோமில் பெரும்பாலும் ஒவ்வொரு தளத்துக்கும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனி ப்ராசஸ் ஓடும். ஒன்று கெட்டால் மற்றது தப்பிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு, ரேம்தான் அதற்கு விலை. ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் க்ரோமுக்கென்றே தனி டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்று அதில் தெரியும். வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், செய்தித் தளம் ஆகியவை பெரும்பாலும் மேலே இருக்கும்.

செட்டிங்ஸில் "பெர்ஃபார்மன்ஸ்" என்ற பக்கத்தில் "மெமரி சேவர்" உண்டு. அதை ஆன் செய்தால் கொஞ்ச நேரம் தொடாத டேப்களைத் தூங்க வைத்துவிடும். எட்ஜில் இதற்கு "ஸ்லீப்பிங் டேப்ஸ்" என்று பெயர். இன்னொன்றையும் பாருங்கள்: "சிஸ்டம்" பக்கத்தில் க்ரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பாதி நிரப்பிய அரசுப் படிவம் உள்ள டேப்பை மட்டும் தூங்கவிடாதீர்கள். அந்தத் தளத்தை "எப்போதும் விழித்திருக்கும்" பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு எக்செல் ஃபைல் திறக்க இரண்டு நிமிடம். மற்றவை உடனே திறக்கின்றன.

அப்படியானால் கோளாறு ஃபைலில். கன்ட்ரோல், எண்ட் இரண்டையும் அழுத்துங்கள். தகவல் 800-ஆவது வரிசையில் முடியும் தாளில் கர்சர் 10,48,576-ஆவது வரிசைக்குப் போய் நின்றால், யாரோ முழுப் பத்திக்கும் கோடு, நிறம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலியான வரிசைகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கி "டிலீட்" கொடுங்கள். கீபோர்டில் உள்ள டிலீட் விசை போதாது, அது உள்ளே இருப்பதை மட்டும் அழிக்கும். சேமித்து மூடித் திறந்தால் ஃபைலின் அளவே குறைந்திருக்கும்.

அடுத்தது, இணையப் பக்கத்திலிருந்து காப்பி பேஸ்ட் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பெட்டிகளும் சேர்ந்து வந்துவிடும். மாதா மாதம் அதே தாளைக் காப்பி செய்து வேலை பார்க்கும் ஆபீஸ்களில் இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். எஃப்5 அழுத்தி, "ஸ்பெஷல்", "ஆப்ஜெக்ட்ஸ்" கொடுத்தால் எல்லாம் தேர்வாகும். உங்கள் லோகோவும் சேர்ந்து தேர்வாகியிருக்கும், அதை விட்டுவிட்டு மற்றவற்றை அழியுங்கள். இனிமேல் ஒட்டும்போது "வேல்யூஸ்" அல்லது "டெக்ஸ்ட்" என்று ஒட்டினால் இந்தத் தொல்லை வராது.

எல்லா எக்செல் ஃபைலும் தாமதமாகத் திறக்கிறது என்றால் டிஃபால்ட் பிரிண்டரைப் பாருங்கள். பக்க அளவு தெரிந்துகொள்ள எக்செல் பிரிண்டரைக் கேட்கும். அது அடுத்த அறையில் அணைத்துக் கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதை டிஃபால்ட்டாக வைத்துப் பாருங்கள்.

வேர்டு, பேஜ்மேக்கர் திறக்கத்தான் நேரமாகிறது.

தமிழ் டைப்பிங் நடக்கும் ஆபீஸா? ஃபான்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பாமினி தொடங்கி, எந்தக் கல்யாணப் பத்திரிகைக்கோ போட்ட நூற்றுக்கணக்கான ஃபான்ட்கள் இருக்கும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை வேறு இடத்தில் சேமித்துவிட்டு நீக்குங்கள்.

நாலு சிஸ்டத்திலும் டேலி ஸ்லோ. நாலுக்கும் ரேம் போட வேண்டுமா?

டேட்டா எந்தச் சிஸ்டத்தில் இருக்கிறது? மற்ற மூன்றும் ஒவ்வொரு என்ட்ரிக்கும் அதன் டிஸ்க்கைத்தான் தட்டுகின்றன. அந்த ஒன்றுக்கு முதலில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள், நாலு பேருக்கும் வித்தியாசம் தெரியும். அந்தச் சிஸ்டத்தில் யாரும் படம் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருப்பதும் நல்லது. வைஃபையில் இணைத்திருந்தால் கேபிளுக்கு மாறுங்கள். பென்டிரைவில் டேட்டாவை வைத்து அதிலிருந்தே என்ட்ரி போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வேகமும் இல்லை, பத்திரமும் இல்லை.

பத்து வருடக் கணக்கு ஒரே கம்பெனியில் இருந்தால், பேக்கப் எடுத்துவிட்டு நிதியாண்டு வாரியாகப் பிரிக்கும் வசதி டேலியிலேயே உண்டு.

கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் காசு. ரேமா, எஸ்எஸ்டியா?

ஹார்டு டிஸ்க்கில் ஓடும் 4 ஜிபி சிஸ்டம் என்றால் என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு. ரேம் கூட்டினால் பேஜ் ஃபைல் தொல்லை குறையும். ஆனால் விண்டோஸ் எழுவது, புரோகிராம் திறப்பது, அப்டேட் நடப்பது எல்லாம் அப்போதும் ஹார்டு டிஸ்க் வேகத்தில்தான் நடக்கும். எஸ்எஸ்டி போட்டால் இவை எல்லாமே மாறும், பேஜ் ஃபைலும் வேகமான இடத்துக்குப் போய்விடும். நொடிக்கு 100 தடவை எடுத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கும்.

2 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் கணக்கு வேறு, அங்கே ரேம்தான் முதல். நாள் முழுக்க மெமரி 95-இல் நிற்கும் 4 ஜிபி சிஸ்டத்துக்கு இரண்டுமே வேண்டும். முதல் மாதம் எஸ்எஸ்டி, அடுத்த மாதம் ரேம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பழைய மதர்போர்டில் ஓடாது என்று சிலர் சொல்வார்கள். எச்61 சிப்செட் போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், புது எஸ்எஸ்டி அதில் பாதி வேகத்தில் ஓடும் என்பது உண்மை. ஆபீஸ் வேலையில் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். குச்சி மாதிரி இருக்கும் என்விஎம்இ வகை இந்தப் போர்டுகளுக்குப் பொருந்தாது. விண்டோஸ் போடுவதற்கு முன் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) சாட்டா மோடு "ஏஎச்சிஐ" என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள். "ஐடிஇ"-யில் விண்டோஸைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் நீலத் திரை வரும்.

சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பல 240 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு 80 டெராபைட் அளவு எழுதும் வரை உத்தரவாதக் கணக்கு உண்டு. தினம் 20 ஜிபி எழுதினால்கூட வருடத்துக்கு 7 டெராபைட்தான் ஆகிறது. ஆனால் எஸ்எஸ்டி போனால் சத்தம் காட்டாமல் ஒரேயடியாகப் போகும். பேக்கப் இல்லாமல் வைத்திருக்காதீர்கள்.

எந்த ரேம் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று இருக்கும். "2-இல் 1" என்றால் ஒரு இடம் காலி. இந்த வயதுப் பெட்டிகளில் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேம் இருக்கும். டிடிஆர்4 அதில் பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அமுக்கிப் பார்க்க வேண்டாம். பெட்டியைத் திறந்து, இருக்கும் ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நிச்சயமான வழி. ஏற்கெனவே இருப்பதைப் போன்ற இன்னொன்றை ஜோடியாகப் போட்டால், திரைக்கும் ரேமைப் பகிரும் சிஸ்டங்களில் கூடுதல் பலன் உண்டு.

இன்னும் பழைய ஜி41 போர்டு என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். அதற்கு 4 ஜிபி ரேம் வாங்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். 8 சிப் உள்ள 4 ஜிபி ரேமை அந்தப் போர்டு ஏற்காது, திரையே வராமல் நிற்கலாம். ரேம் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் சிப்பை எண்ணுங்கள்.

செகண்ட்ஹேண்டு டிடிஆர்3 சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். சோதித்துப் பார்க்க அவகாசம் தரும் வாரன்டி கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் ரன் பெட்டியில் "எம்டிஷெட்" (mdsched) கட்டளை கொடுத்து விண்டோஸின் மெமரி சோதனையை ஒரு தடவை ஓடவிடுங்கள். பழைய ரேமின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைப்பது பலன் தரும் வேலைதான். ஆனால் அது சிஸ்டம் ஆன் ஆகாமல் பீப் அடிப்பதற்கான மருந்து, ஸ்லோவுக்கு அல்ல.

சர்வீஸ்காரர் "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்கிறாரே?

இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் அதே புரோகிராம்கள் எல்லாம் திரும்ப ஏறியதும் பழைய கதைதான், 4 ஜிபி 4 ஜிபியாகவே இருக்கும். வைரஸ் புகுந்திருந்தாலோ விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருந்தாலோ ஃபார்மட் சரி. எஸ்எஸ்டி மாட்டும்போது எப்படியும் புதிதாகப் போடுவீர்கள், அதுவரை பொறுங்கள். ஃபார்மட் செய்தே தீருவேன் என்றால் டோக்கன் டிரைவர், பிரிண்டர் டிரைவர், மென்பொருள் லைசென்ஸ் விவரங்களை முதலில் எழுதி வையுங்கள்.

மெமரி பாதிதான். ஆனாலும் டிஸ்க் 100-லேயே நிற்கிறது.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைத் திறங்கள். 100 சதவீதம், ஆனால் வேகம் நொடிக்கு 1 எம்பி கூட இல்லை, "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" ஆயிரம் மில்லி நொடிக்கு மேல் என்றால் ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கலாம். வேறு எந்த வேலையும் பார்க்காமல் முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பாருங்கள். "காஷன்" என்று மஞ்சள் காட்டினால் டிஸ்க் மாற்ற வேண்டியதுதான். சில சமயம் சாட்டா கேபிள் தளர்ந்தாலும் இப்படி ஆகும், அதையும் கழற்றி மாட்டுங்கள்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சர்வீசஸில் "சிஸ்மெயின்" (அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது) என்பதை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் திரும்ப ஓடவிடலாம்.

மதியத்துக்கு மேல்தான் ஸ்லோ ஆகிறது.

சூடு. சிபியு பக்கத்தில் "ஸ்பீடு" பாருங்கள். 3.3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் வேலை நடக்கும்போதும் 1-க்குக் கீழே தவழ்ந்தால், சூடு தாங்காமல் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. பெட்டியைத் திறந்தால் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஹீட்சிங்க்கின் நாலு பிளாஸ்டிக் காலில் ஒன்று உடைந்து தூக்கிக்கொண்டு நிற்பதும் சகஜம். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 11-க்கு மாறினால் வேகம் வருமா?

வராது. அதற்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ப்ராசஸர் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான், இந்தப் பெட்டியில் அது இன்னும் கனக்கும். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரையும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்று ஆண்டு வரையும் அப்டேட் கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

வெறும் டைப்பிங், மெயில், பிரவுசர் வேலைக்கான சிஸ்டமா? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் லுபுன்டுவும் 4 ஜிபியில் தாராளமாக ஓடும். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. டேலி ஓடும் சிஸ்டத்தில் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டாம், அதற்கு விண்டோஸ் வேண்டும்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது?

எஸ்எஸ்டியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும் வரை ஒரு மாதம் தொடாமல் பீரோவில் வையுங்கள். அப்புறம் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், "காஷன்" காட்டிய டிஸ்க்கை அதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் வாடிக்கையாளர்களின் பான் எண், ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கும். "குயிக் ஃபார்மட்" செய்தாலும் அவற்றை மீட்டெடுக்க முடியும். "குயிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள், 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவே இல்லையென்றால் திறந்து உள்ளே இருக்கும் தட்டை உடைத்துவிட்டுக் கொடுங்கள். மடிக்கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கின் தட்டு சில சமயம் கண்ணாடியாக இருக்கும், ஒரு துணியில் சுற்றிக்கொண்டு உடையுங்கள்.